காருக்கு வேற சீற் போடுறதெண்டா அனுமதி வேணுமா, ஈ முத்திரை மட்டும் காணுமா?

தம்பி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தனான். நீங்கள் எழுதினது சுருக்கமா இதுதான்: கொக்குவிலில இருக்கிறீங்கள், 2013 ரொயோட்டா அக்சியோ கார், டிரைவர் சீற் ஒரு பக்கம் இறங்கிப்போய் முதுகு நோவுது, கொழும்பில பழைய வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ரெக்காரோ எண்ட கொம்பனியின்ர ஸ்போர்ட்ஸ் சீற் ஒரு சோடி கிடைக்குது, விக்கிறவர் "ஈ முத்திரை இருக்கு, பயப்படாதேங்கோ" எண்டு சொல்லுறார், லண்டனில இருக்கிற அண்ணா அப்ரூவல் இல்லாமப் போடாத எண்டு ஏசுறார், கராஜ்காரர் உதுக்கெல்லாம் ஒரு பேப்பரும் தேவையில்லை பின்னேரத்துக்குள்ள பூட்டித் தாறன் எண்டு நிக்கிறார், இதில ஆர் சொல்லுறது சரி? பாத்தா பேப்பரைப் பற்றின கேள்வி மாதிரித்தான் கிடக்கு. ஆனா நீங்கள் கடைசியா எழுதின வரி, "நாளைக்கு ஏதும் நடந்தா எனக்குத்தானே பிரச்சினை" எண்டது, அதுதான் உங்கட உண்மையான கேள்வி எண்டு நான் எடுக்கிறன். அக்சிடென்ற் ஒண்டு நடந்தா இந்த சீற் உங்களைப் பிடிச்சு வைச்சிருக்குமா, பேந்து பொலிஸ், இன்சூரன்ஸ், கோடு எண்டு வரேக்க உங்களுக்கு எதிரா நிக்குமா, ரெண்டுக்கும் சேத்துத்தான் பதில் எழுதுறன், நீளமா வரும், ஆறுதலா வாசியுங்கோ.

நான் சட்டத்தரணி இல்லை. இருபத்தாறு வருஷமா அடிபட்ட வாகனங்களோட வேலை, முதல் பத்து வருஷம் பொடி வேலை செய்தனான், அதுக்குப் பிறகு இன்சூரன்ஸுக்கு வாகனம் பாத்து அறிக்கை எழுதுற வேலை. அதால இரும்பு, போல்ற், பெல்ற் பற்றி நான் சொல்லுறதை உறுதியா எடுக்கலாம். சட்டம் பற்றி சொல்லுறது வேலையில கண்டு பழகினது, அதை வைச்சுக்கொண்டு கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில, ஒருக்கா நேர கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

முதல்ல எங்கட நாட்டு நிலைமை. இஞ்ச எல்லாத்துக்கும் அடிப்படை 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதுக்குப் பிறகு வந்த திருத்தங்களும். உங்கட சி.ஆர். எண்ட வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கோ, எஞ்சின் நம்பர், சஸி நம்பர், நிறம், நிறை எல்லாத்தோடயும் எத்தினை பேர் இருக்கலாம் எண்டும் போட்டிருக்கும். அதில பதிஞ்ச விவரம் ஒண்டு மாறினா மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு, வாகனத்தைக் கொண்டுபோய்க் காட்டி, திருத்திப் பதிய வேணும். இதில ஒரு சந்தேகமும் இல்லை. வானுக்கு ஒரு வரிசை சீற் கூட்டுறது, பின் சீற்றைக் கழட்டிப்போட்டு சாமான் ஏத்துறதுக்கு எண்டு நிரந்தரமா மாத்துறது, இதெல்லாம் அந்தக் கணக்கு. இஞ்ச கனபேர் ஹைஏஸ் வானுக்கு நடுவில மடிக்கிற சீற் வைச்சு ஓடுகினம், அது சி.ஆரில இல்லையெண்டா பிழைதான், எல்லாரும் ஓடுகினம் எண்டது ஒரு பதில் இல்லை.

உங்கட விஷயம் அது இல்லை. ரெண்டு சீற்றைக் கழட்டி ரெண்டு சீற் போடுறீங்கள், எண்ணிக்கை அப்பிடியே, அதால சி.ஆரில திருத்த ஒண்டும் இல்லை. இதுமட்டும்தான் கராஜ்காரர் சொல்லுறதில இருக்கிற உண்மை. ஆனா அவர் அதை வைச்சுக்கொண்டு "அப்ப ஒண்டும் தேவையில்லை" எண்டு முடிக்கிறார் பாருங்கோ, அங்கதான் பிழைக்குது. காருக்கு வருஷ லைசென்ஸ் எடுக்கப் போகேக்க புகைச் சோதனைச் சிட்டையும் இன்சூரன்ஸும் பாப்பினம், சீற்றை ஒருத்தரும் ஆட்டிப் பாக்கிறதில்லை, தனியார் காருக்கு லொறி பஸ்ஸுக்கு மாதிரி வருஷா வருஷம் தகுதிப் பரிசோதனையும் இல்லை. ஆனா ஆக்கள் மோசமா அடிபட்டா மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பாப்பார். அவர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் மட்டும் பாத்துப்போட்டுப் போறவர் எண்டு நினைக்காதேங்கோ. சீற் தளத்தில இருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தா அது அறிக்கையில ஏறும், அந்த அறிக்கை கோட்டுக்குப் போகும். வாகனத்தை றோட்டுக்கு உகந்த நிலையில வைச்சிருக்கிறது சொந்தக்காரர்ட பொறுப்பு. பூட்டினது கராஜ்காரர் எண்டாலும் சி.ஆரில இருக்கிறது உங்கட பேர்.

இப்ப ஈ முத்திரைக்கு வாறன், ஏனெண்டா உங்களை ஆகலும் குழப்பினது இதுதான். வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் பக்கத்தில ஒரு நம்பரும் இருக்கும். அந்த நம்பர் அனுமதி குடுத்த நாட்டைக் குறிக்கும், 1 எண்டா ஜேர்மனி, 11 எண்டா பிரிட்டன், 43 எண்டா ஜப்பான். 1958 இல ஜெனீவாவில செய்த ஐநா ஒப்பந்தத்தில இருந்து வந்தது, ஜப்பான் 1998 இல சேந்தது. அதில சாமானுக்குத் தனியக் குடுக்கிற அனுமதியும் இருக்கு, முழு வாகனத்துக்குக் குடுக்கிற அனுமதியும் இருக்கு. சீற் பெல்ற்றுக்கு 16 ஆம் விதி, அது பெல்ற்றுக்கே தனியக் கிடைக்கும், அதால பெல்ற்றில தைச்சிருக்கிற சின்ன லேபலில முத்திரை பாக்கலாம். பிள்ளையளின்ர சீற்றுக்கு 44 ஆம் விதியும் 129 ஆம் விதியும், அதுவும் தனியத்தான். ஆனா காரின்ர சீற் எவ்வளவு பலம், எப்பிடித் தளத்தில பிடிச்சிருக்கு எண்டு பாக்கிறது 17 ஆம் விதி, பெல்ற் பூட்டுற இடத்தின்ர பலத்துக்கு 14 ஆம் விதி, இந்த ரெண்டும் குடுக்கிறது வாகனத்துக்கு. அதாவது இந்த மொடல் கார், இந்த சீற், சீற் முன்னுக்குப் பின்னுக்கு ஓடுற இந்த றெயில், இந்தத் தளம், எல்லாம் சேந்து பாஸ் பண்ணியிருக்கு எண்டு அர்த்தம். அதில இருந்து சீற்றை மட்டும் கழட்டி வேற காரில வைச்சா அந்த அனுமதி அதோட சேந்து வராது. விக்கிறவர் காட்டுற முத்திரை தலையணைக்குரியதா இருக்கலாம், பெல்ற் கொழுவுற பக்கிளுக்குரியதா இருக்கலாம், உங்கட அக்சியோவில அந்த சீற் நிக்கும் எண்டதுக்கு அது அத்தாட்சி இல்லை. சிலர் எஃப்ஐஏ எண்ட கார் ரேஸ் அமைப்பின்ர லேபல் காட்டுவினம், அது ரேஸுக்கு, 8855-1999 எண்டு போட்ட சீற்றுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுள், றோட்டுக் காருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

அந்த விதியளில என்ன சோதிக்கினம் எண்டு தெரிஞ்சா ஏன் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டு விளங்கும். 17 ஆம் விதியில சீற்றை பூமியின்ர ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 20 மடங்கு வேகக் குறைப்புக்கு உட்படுத்துவினம், சீற்றும் றெயிலும் பூட்டும் கழராமல் நிக்க வேணும். சாதாரணமா ஒரு சீற் 20 கிலோ எண்டு வைச்சா அந்த நேரத்தில அதின்ர இழுவை 400 கிலோ. முதுகுப் பக்கத்தைப் பின்னுக்கு 530 நியூட்டன் மீற்றர் திருப்பு விசையில தள்ளுவினம், மடங்கி விழக்கூடாது. 14 ஆம் விதியில மூண்டு புள்ளி பெல்ற் எண்டா தோள் பக்கம் 13,500 நியூட்டன், இடுப்புப் பக்கம் இன்னொரு 13,500 நியூட்டன், ரெண்டையும் ஒரே நேரத்தில இழுப்பினம், கிட்டத்தட்ட 2,700 கிலோ. இப்ப உங்கட கார்க் கதவைத் திறந்து பக்கிள் எங்க பூட்டியிருக்கெண்டு கையால தடவிப் பாருங்கோ. தளத்தில இல்லை, சீற்றின்ர இரும்பில. அதால அந்த இழுவையின்ர ஒரு பங்கு சீற்றுக்குள்ளால றெயிலுக்கு வந்து, றெயிலால நாலு போல்ற்றுக்கு வந்துதான் தளத்துக்குப் போகுது. சீற்றை மாத்தினா நீங்கள் கதிரையை மட்டும் மாத்தேல்லை, பெல்ற்றின்ர ஒரு நுனியையும் மாத்துறீங்கள்.

நான் பாத்த ஒரு கார் சொல்லுறன், ஊரும் பேரும் வேண்டாம். ஏ9 றோட்டில மாட்டைக் கண்டு ஸ்டியரிங்கை வெட்டி, மதகில முட்டினது, வேகம் பெரிசா இல்லை, முன் பக்கம் பாத்தா திருத்தக்கூடிய அடிதான். ஆனா ஓடினவருக்கு ரெண்டு முழங்காலும் டாஷ்போட்டில அடிபட்டு, நெஞ்சு ஸ்டியரிங்கில. பெல்ற் போட்டுத்தான் இருந்தவர். கதவைத் திறந்து பாத்தா சீற் ஒரு சாண் முன்னுக்கு வந்து சரிஞ்சு நிக்குது. சீற் வேற காரின்ரது, றெயில் துளை தளத்துத் துளையோட பொருந்தேல்லை, அதால பட்டை இரும்பு ரெண்டு துண்டு குறுக்க வைச்சு ஒட்டி, அதில துளை போட்டுப் பூட்டியிருக்கினம். ஒட்டு மேலால பாக்க வடிவாத்தான் இருந்தது, பெயின்ற்றும் அடிச்சிருந்தது, ஆனா உடைஞ்ச இடத்தில விரல் வைச்சுப் பாத்தா உள்ளுக்கு ஒட்டு இறங்கவேயில்லை, தோல் மாதிரி மேல மட்டும் பிடிச்சிருந்தது. பின் பக்கத்துப் போல்ற் ஒண்டின்ர தலையை எடுத்துத் துடைச்சுப் பாத்தன், ஒரு எழுத்தும் இல்லை. நல்ல போல்ற் எண்டா தலையில 8.8 எண்டு அடிச்சிருக்கும், 10 மில்லிமீற்றர் போல்ற் அந்தத் தரத்தில அறுறதுக்குக் கிட்டத்தட்ட நாலரைத் தொன் இழுவை வேணும், ஹாட்வெயாரில கதவுக்கும் கேற்றுக்கும் விக்கிற 4.6 தரம் அதில பாதியில போயிடும். அந்த மனிசன் ஆறு மாசம் வேலைக்குப் போகேல்லை. அந்த ஒட்டைப் போட்ட பெடியன் கெட்டவன் இல்லை, சீற் எண்டது கதிரை எண்டு நினைச்சுப் போட்டான், அவ்வளவுதான்.

லண்டன் அண்ணா சொல்லுறதிலயும் ஒரு பாதிதான் சரி. அங்க பாவிச்ச தனியார் காருக்கு சீற் மாத்த முன்கூட்டியே ஒரு அனுமதிப் பத்திரம் கேக்கிறதில்லை. ஆனா மூண்டு வருஷம் தாண்டின காருக்கு வருஷா வருஷம் எம்ஓரீ எண்ட வாகனப் பரிசோதனை, அதில சீற் இறுக்கமா இருக்கா, டிரைவர் சீற் முன்னுக்குப் பின்னுக்கு அசைஞ்சு பூட்டுதா, முதுகு நிமிந்து பூட்டுதா, பெல்ற் பிடிமானத்தைச் சுத்தி 30 சென்ரிமீற்றருக்குள்ள கறள் இருக்கா எண்டு பாப்பினம், பிழையெண்டா ஃபெயில். இருக்கை எண்ணிக்கை மாறினா பதிவுப் புத்தகம் திருத்த வேணும், இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேணும். அண்ணா கேள்விப்பட்டது ஜேர்மனிக் கதையா இருக்கும், அங்கதான் இறுக்கம். சீற்றோட உங்கட மொடலுக்கெண்டு குடுத்த பத்திரம் இருக்க வேணும், இல்லையெண்டா ரீயூவீ மாதிரி ஒரு வாகனப் பரிசோதனை நிலையத்தில பொறியியலாளர் பாத்து பதிய வேணும், பதியாமல் ஓடினா வாகனத்தின்ர ஓட்ட அனுமதியே கேள்விக்கு வரும். அவுஸ்திரேலியாவில ஏடிஆர் எண்ட விதியளில 3 சீற்றுக்கு, 4 பெல்ற்றுக்கு, 5 பெல்ற் பிடிமானத்துக்கு, மாத்தினா அந்த மாநிலத்து விதிப்படி பொறியியலாளர் சேட்டிபிக்கற் கேக்கிற நிலைமை வரும்.

எங்களுக்கு ஆகலும் பிரயோசனமானது ஜப்பான்காரரின்ர முறை, ஏனெண்டா எங்கட கார் அங்க இருந்துதான் வருது. அங்க ஷாக்கன் எண்ட பரிசோதனையில வேற சீற் போட்டிருந்தா, சீற்றும் றெயிலும் சேத்து பலம் சோதிச்சதுக்கு உற்பத்தியாளர் குடுக்கிற பத்திரம் கேப்பினம், ஒரு கொம்பனி சீற்றுக்கு இன்னொரு கொம்பனி றெயில் போட்டா அந்தப் பத்திரம் செல்லாது. பின்னுக்கு ஆக்கள் இருக்கிற கார் எண்டா, உடம்பைச் சுத்திப் பிடிக்கிற பக்கட் சீற்றின்ர பின்பக்க ஓட்டுக்கு மெத்தை உறை போட்டிருக்க வேணும், பின்னால இருக்கிற பிள்ளை முன்னுக்கு வந்து அதிலதான் முகம் அடிக்கும் எண்டபடியால். இந்த ரெண்டு கேள்வியையும் பஞ்சிகாவத்தைக் கடையில கேளுங்கோ: என்ர மொடலுக்கெண்டு செய்த றெயில் இருக்கா, அது சீற் செய்த அதே கொம்பனியின்ரதா? ஓம் எண்டு சொல்லி, கொம்பனிப் பேரும் மொடல் நம்பரும் அடிச்ச றெயிலைக் கையில தந்தா யோசிக்கலாம். "றெயில் ஊரில செய்யலாம் தம்பி" எண்டு பதில் வந்தா சீற்றை வைச்சுப்போட்டு வாங்கோ.

ஏர்பேக் விஷயம் நீங்கள் கேக்கவே இல்லை, ஆனா அதை விட்டா இந்தப் பதில் முழுமையாகாது. உங்கட சீற்றின்ர கதவுப் பக்க ஓரத்தில எஸ்ஆர்எஸ் எண்டு சின்ன லேபல் தைச்சிருக்கா எண்டு பாருங்கோ. இருந்தா சீற்றுக்குள்ள ஒரு ஏர்பேக் இருக்கு, கீழால மஞ்சள் கனெக்டர் போகும். வேற சீற் போட்டா அந்தப் பக்கத்துப் பாதுகாப்பு போச்சு, டாஷ்போட்டில சிவப்பு லைற்றும் எரியும். லைற்றை அணைக்க ஒரு ரெசிஸ்டர் வைச்சு விடுற வழக்கம் இருக்கு, அதை ஒருநாளும் செய்யவிடாதேங்கோ. கம்பியூட்டருக்கு ஏர்பேக் இருக்கெண்டு பொய் சொல்லி வைக்கிற வேலை அது, நாளைக்குக் காரை வாங்குறவருக்கும் தெரியாது. கழட்டேக்க பற்றரி மைனஸைக் கழட்டி ஆகக் குறைஞ்சது 90 செக்கன் விட்டுத்தான் மஞ்சள் கனெக்டரைத் தொடவேணும், ஸ்விச் ஓனில வைச்சுக்கொண்டு இழுக்கக்கூடாது. இதே காரணத்தால ஏர்பேக் இருக்கிற சீற்றுக்கு றெக்சின் உறை இறுக்கி அடிக்கிறதும் பிழை, அந்தப் பக்கத் தையல் கிழிஞ்சாத்தான் பேக் வெளியால வரும். ரேஸ் காரில போடுற நாலு புள்ளி ஹார்னஸ் பெல்ற்றும் போடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள், வேண்டாம், கார் செய்த கொம்பனி குடுத்த மூண்டு புள்ளி பெல்ற்றைக் கழட்டவே வேண்டாம். 2011 இல இருந்து முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேரும் பெல்ற் போட வேணும் எண்டது சட்டம், அந்த பெல்ற் ஒழுங்கா வேலை செய்யாத சீற் போட்டா சட்டப்படியும் மாட்டுவீங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி. மூண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் வேற, முழு இன்சூரன்ஸ் வேற. முழு இன்சூரன்ஸ் எடுக்கேக்க வாகனத்தைப் பற்றி நீங்கள் உண்மையைச் சொன்னீங்கள் எண்ட நம்பிக்கையிலதான் ஒப்பந்தம் நிக்குது, மாற்றம் செய்துபோட்டுச் சொல்லாமல் விட்டா கிளெய்ம் வரேக்க கேள்வி வரும். இதில எல்லாக் கொம்பனியும் ஒரே மாதிரி நடக்கிறதில்லை, ஒவ்வொரு பொலிசியின்ர வாசகமும் வேற, அதால உங்கட பொலிசியை வாசிக்காமல் "தருவினம், தரமாட்டினம்" எண்டு நான் சொல்லுறது நியாயமில்லை. நான் அறிக்கை எழுதேக்க செய்யிறதைச் சொல்லுறன்: ஸ்டீரியோ மாத்தினதை ஒரு வரியில எழுதி விடுவன், சீற் மாத்தினதெண்டா பூட்டைக் கழட்டிப் படம் எடுப்பன், அந்த மாற்றத்தால காயமோ சேதமோ கூடினதா எண்டு தனியா எழுதுவன். மாத்துறதெண்டா முதலே ஒரு கடிதமோ மெயிலோ போட்டு, ஓம் எண்டு எழுத்தில வாங்கி, பில்லோடயும் படத்தோடயும் சேத்து வையுங்கோ. ஃபோனில ஏஜென்ற் "பரவாயில்லை அண்ணை" எண்டு சொல்லுறது காணாது.

சரி, நான் உங்கட இடத்தில எண்டா என்ன செய்வன். ரெக்காரோ வாங்கமாட்டன். நல்ல சீற்தான், ஆனா உங்கட பிரச்சினை முதுகு நோ, அதுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. டிரைவர் சீற் ஒரு பக்கம் இறங்குறது எங்கட ஊரில சர்வசாதாரணம், ஒவ்வொரு தரமும் ஏறி இறங்கேக்க கதவுப் பக்க ஓரத்திலதான் முழுப் பாரமும் விழுகுது, அங்க ஸ்பொஞ்ச் நசிஞ்சு, கீழ கம்பி வெட்டுப்பட்டிருக்கும். நல்ல குஷன் வேலைகாரரிட்ட சீற்றைக் குடுத்தா கம்பியைப் புதுசாப் போட்டு, ஸ்பொஞ்சை அந்த ஓரத்தில அடர்த்தி கூடினதா மாத்தித் தருவார், றெயிலையும் பக்கிளையும் தொடத் தேவையே இல்லை. மெத்தைக் கடை ஸ்பொஞ்ச் வேண்டாம், வாகனத்துக்கெண்டு வாறதைக் கேளுங்கோ, அது சீக்கிரம் நசியாது, நெருப்புப் பிடிச்சாலும் மெதுவாத்தான் பரவும், அமெரிக்க விதியில உள் சாமான் நிமிசத்துக்கு 102 மில்லிமீற்றருக்கு மேல எரியக்கூடாது எண்டு இருக்கு. அதுவும் சரிவரேல்லை எண்டா ரெண்டாவது வழி, அதே அக்சியோ, அதே வருஷத் தொகுதி, அதே பக்கத்து சீற், றெயிலோட முழுசா வாங்கிப் பூட்டுறது. துளை பொருந்தும், பக்கிள் பொருந்தும், கனெக்டர் பொருந்தும், கார் ஃபக்டரியில எப்பிடிச் சோதிச்சு வந்ததோ அப்பிடியே நிக்கும், அதுக்கு ஒருத்தரிட்டயும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனா பாவிச்ச சீற் எண்டா அடிபட்ட காரில இருந்து வந்ததா எண்டு பாக்கவேணும். றெயிலை முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பாருங்கோ, நடுவில இறுகினா வளைஞ்சிருக்கு. கதவுப் பக்கத் தையல் புதுசா மினுங்கினா ஏர்பேக் வெடிச்ச சீற்றைத் தைச்சு விக்கினம் எண்டு சந்தேகப்படுங்கோ. றெயிலுக்கடியில சேறும் கறளும் இருந்தா வெள்ளத்தில நிண்ட கார்.

பூட்டேக்க பழைய போல்ற்றையே திரும்பப் பாவிக்கலாம், கறளோ புரி தேய்வோ இல்லையெண்டா. முதல்ல நாலையும் கையால புரி பிடிக்க வைச்சு, பேந்து முன் ரெண்டு, பின் ரெண்டு எண்டு சேர்விஸ் மனுவலில இருக்கிற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் ஸ்பனரால இறுக்கச் சொல்லுங்கோ. காற்று கன்னால அடிச்சு விட்டா தளத்தில ஒட்டியிருக்கிற நட் சுழண்டு போகும், அது சுழண்டா காப்பெற் கிளப்பித் தளத்தை வெட்டுற வேலை. ஒரு கிழமை ஓடிப்போட்டுத் திரும்ப ஒருக்கா இறுக்கம் பாக்கவேணும்.

உங்கட சீற்றின்ர கதவுப் பக்க ஓரம், கீழ றெயில், பக்கிள் பூட்டியிருக்கிற இடம், மூண்டையும் பகல் வெளிச்சத்தில படம் எடுத்துப் போடுங்கோ, கம்பியா ஸ்பொஞ்சா எண்டு பெரும்பாலும் படத்திலயே சொல்லலாம். அதுவரைக்கும் அந்த ரெக்காரோவுக்கு அட்வான்ஸ் குடுக்காதேங்கோ.